பாசிச் சாற்றில் கிருமி செத்தது சரி, எதனால் செத்தது?

திருவொற்றியூர் தூண்டில் வளைவுக் கற்களில் தண்ணீர் வடிந்த நேரம் பார்த்து, பச்சைப் பசேலென்று ஒட்டியிருக்கும் அல்வா (Ulva) என்ற கடற்பாசியைச் சுரண்டி, ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வருவார்கள். தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: கடற்பாசிச் சாற்றின் ஆன்டி ஆக்சிடன்ட் திறன், பாக்டீரியா எதிர்ப்புத் திறன். நல்ல தலைப்புதான். சொதப்பல் அந்தக் கவரிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

அல்வா தண்ணீரில் உள்ள செம்பு, ஈயம், துத்தநாகத்தை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். கடல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்கவே பல நாடுகளில் இதை எடுத்துச் சோதிக்கிறார்கள். நம் பக்கத்துக் கதையோ தெரிந்ததுதான். 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் அப்பியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடு கொசஸ்தலையாற்றில் இறங்கியது. காசிமேட்டுப் பக்கம் எடுத்தால் இன்னொன்றும் உண்டு: சிப்பி ஒட்டாமலிருக்கப் படகின் அடியில் அடிக்கும் பெயிண்டுகள் பலவற்றில் செம்பு கலந்திருக்கும். செம்பு தானாகவே பாக்டீரியாவைக் கொல்லும். இப்படிப்பட்ட பாசியின் சாற்றைத் தட்டில் விட்டு, கிருமி செத்ததும் பாசிக்குப் பெருமை சேர்ப்பது நியாயமா? இங்கேதான் எடுப்பேன் என்றால் உலோகப் பரிசோதனையும் செய்து முடிவோடு சேர்த்து எழுதுங்கள். எடுத்த இடம், தேதி இல்லாத ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை.

எடுத்ததை அங்கேயே கடல் தண்ணீரில் அலசி மணல், புழு, குட்டிச் சிப்பியை நீக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க நல்ல தண்ணீரில் ஊறவிட்டால் கரையக்கூடிய சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகும். மொட்டை மாடி வெயிலில் கருவாடு மாதிரி காயப்போடுவதும் கூடாது; நிறமியும் பீனால்களும் பாழாகும். நிழல் போதும்.

ஆன்டி ஆக்சிடன்ட் சோதனைக்கு டி.பி.பி.எச். என்ற ஊதாக் கரைசல். சாறு வேலை செய்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். 517 நானோமீட்டரில் அளப்பார்கள். பச்சைப் பாசிச் சாற்றுக்கே ஒரு நிறம் இருக்கிறதே, அதுவும் கொஞ்சம் ஒளியை விழுங்கும். டி.பி.பி.எச். இல்லாமல் சாறும் அதைக் கரைக்கும் மெத்தனாலும் மட்டும் வைத்து அளந்து அதைக் கழிக்காவிட்டால் கணக்கு தப்பு. ஐ.சி.50 என்பது டி.பி.பி.எச்.-இல் பாதியை அடக்கத் தேவைப்படும் சாற்றின் அளவு. அந்த எண் பெரிதாக வந்தால் சந்தோஷப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். எண் சிறிதாக இருந்தால்தான் திறன் அதிகம்.

பாக்டீரியா எதிர்ப்புக்கு டிஸ்க் சோதனை: சாறு ஊறிய சின்னக் காகித வில்லையைக் கிருமி பூசிய தட்டில் வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டம் விழுகிறதா என்று பார்ப்பது. இதில் நடக்கும் கூத்துதான் பெரிது. மெத்தனால் காயுமுன் டிஸ்க்கை வைத்துவிடுவார்கள். வட்டம் விழும், ஆனால் அது மெத்தனாலின் கைங்கரியம். வெறும் கரைப்பானை ஊற்றிக் காயவைத்த டிஸ்க் ஒன்று அதே தட்டில் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அடுத்தது, சில மில்லிகிராம் சாற்றின் வட்டத்தை 10 மைக்ரோகிராம் ஆன்டிபயாடிக் வட்டத்தோடு ஒப்பிட்டு “மருந்துக்கு நிகர்” என்று எழுதுவது. நூற்றுக்கணக்கான மடங்கு கூடுதலாக வைத்துவிட்டு என்ன நிகர்? வட்டத்தின் அளவும் முழு உண்மை சொல்லாது. பெரிய மூலக்கூறுகள் தட்டில் உறைந்திருக்கும் அகர் ஜெல்லிக்குள் சரியாகப் பரவாது, நல்ல சாறும் சின்ன வட்டம் காட்டும். திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்த்து, எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பதே ஒழுங்கான வழி. தெளிவாக நின்ற குழாயிலிருந்து ஒரு சொட்டைப் புதுத் தட்டில் தடவினால், கிருமி செத்ததா, சும்மா அடங்கியிருந்ததா என்பதும் தெரிந்துவிடும். ஈ.கோலை என்ற பாக்டீரியாவிடம் பலிக்கவில்லை என்றால் உடனே சோர வேண்டாம். அதற்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருக்கிறது. அது இல்லாத ஸ்டாபிலோகாக்கஸ் பாக்டீரியா சீக்கிரம் மடங்கும்.

இந்த முடிவுகளை அரைகுறையாகப் படித்துவிட்டு, மண்ணடியில் நோன்பு திறக்கச் செய்யும் கடற்பாசி இனிப்பும் கிருமியைக் கொல்லும் என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். அது அகர்; பெட்ரி தட்டில் கிருமி வளர்க்கவே அதைத்தான் ஊற்றி உறையவைக்கிறோம். ருசிக்குச் சாப்பிடுங்கள். பழுப்புப் பாசிப் பொடி விஷயம் வேறு: அதில் அயோடின் மிக அதிகமாக இருக்கலாம், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.