லெஃப்ட் பேக் ஆடுவது எப்படி: ராபர்ட்சனைப் பார்த்துப் படிக்க வேண்டியவை

ஃபுட்பால் கிரவுண்டுக்குப் புதிதாக வரும் பசங்களிடம் "எந்த இடம் ஆடுவ?" என்று கேட்டால் எல்லோரும் ஃபார்வர்ட் என்பார்கள். கடைசியாக வருபவனை லெஃப்ட் பேக்கில், அதாவது பின்வரிசையின் இடது ஓரத்தில் நின்று தடுக்கும் இடத்தில், தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளப்பட்டவருக்காக எழுதியது இது.

பார்த்துப் படிக்க ஸ்காட்லாந்தின் ஆண்டி ராபர்ட்சன் போதும். 15 வயதில் செல்டிக் கிளப்பின் அகாடமி அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அடுத்து குவீன்ஸ் பார்க். 2012-13 சீசனில் அது ஸ்காட்லாந்து லீக்கின் நான்காம் அடுக்கில், சம்பளம் இல்லாமல் ஆடிய அமெச்சூர் அணி. 2013-ல் டண்டீ யுனைடெட், 2014-ல் ஹல் சிட்டி, 2017-ல் லிவர்பூல். அங்கேயும் முதல் சில மாதங்கள் பெரும்பாலும் பெஞ்சுதான். டிசம்பரில் அதே இடத்தில் ஆடிய மொரேனோவுக்குக் காயம்பட்டபோது கிடைத்த இடத்தை அவர் விடவே இல்லை. 2019-ல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. ஹைலைட்ஸில் அவருடைய கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அனுப்பும் பந்து) மட்டும்தான் தெரியும். முழு மேட்சைப் போட்டு, பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். பாடம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒருவருக்கு ஒருவர். எதிரணியில் உங்கள் ஓரமாக ஆடும் விங்கர் பந்தோடு வருகிறான். வேகமாகக் கிட்டே போங்கள். கடைசி மூன்று நான்கு அடியைச் சின்னச் சின்னதாக வைத்து வேகத்தைக் குறையுங்கள். ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு நில்லுங்கள். வலது கால் முன்னால், இடது கால் பின்னால், முட்டி மடங்கி, உடம்பு மைதானத்தின் பக்கக் கோட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். உள்பக்கம் உங்கள் உடம்பால் அடைபட்டிருக்கும், கோட்டோரம் மட்டும் திறந்திருக்கும். அவன் அங்கே போனால் இடது பக்கமாகத் திரும்பி உடனே கூட ஓடலாம். இரண்டு காலையும் சமமாக வைத்து நேராக நின்றால் கால் நடுவே பந்து போய்விடும், திரும்பவும் நேரமாகும். இடது கால்காரன் அந்தப் பக்கம் ஆடினால் உள்ளே வெட்டி ஷூட் அடிக்கத்தான் பார்ப்பான்; இன்னும் அரை அடி உள்ளே தள்ளி நில்லுங்கள்.

கண் பந்தின் மேல் இருக்கட்டும். அவன் தோளும் இடுப்பும் பொய் சொல்லும். பந்து அவன் காலைவிட்டு ஒரு முழம் விலகும் நொடிதான் காலை விட வேண்டிய நொடி. அதற்கு முன்னால் பாய்ந்தால் ஒரே தொடலில் உங்களைத் தாண்டிவிடுவான். தரையில் சறுக்கிப் பந்தைப் பறிக்கும் ஸ்லைடிங் கடைசிக் கட்டத்துக்கு. அதுவும் நம் ஊர் செம்மண் தரையில் தொடைத் தோல் உரிந்து ஒரு வாரம் உட்கார வைத்துவிடும்.

பயிற்சிக்கு கோட்டோரமாக 10 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளத்துக்கு நான்கு கோன் வையுங்கள். ஒருவர் தாண்டிப் போக வேண்டும், நீங்கள் தடுக்க வேண்டும். எட்டுத் தடவை, நடுவில் ஒரு நிமிஷ ஓய்வு. முதல் நாலு தடவை டேக்கிளே கூடாது, கோட்டை நோக்கி ஒதுக்கினால் போதும். மாடி டர்ஃபில் ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் இது வராது. இடம் குறுகல், கிராஸ் என்ற பேச்சே இல்லை. பெரிய கிரவுண்டு வேண்டும்.

பந்து வலது கோடியில் இருக்கும்போது நிறையப் பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நீங்கள் உள்ளே சுருங்கி, பக்கத்து ஸ்டாப்பரிடமிருந்து (பின்வரிசையின் நடுவில் ஆடுபவர்) 8 முதல் 10 மீட்டரில் நிற்க வேண்டும். பந்தும் நீங்கள் தடுக்க வேண்டிய விங்கரும் ஒரே பார்வையில் தெரியும்படி உடம்பைத் திருப்பி வையுங்கள். பின் போஸ்ட் (பந்திலிருந்து தூரத்தில் இருக்கும் கோல் கம்பம்) உங்களுடையது. ஃபார்வர்டை ஆஃப்சைடில் சிக்கவைக்கப் பின்வரிசை சேர்ந்து ஏறி நிற்கும் ஆஃப்சைடு லைனும் இங்கேதான் உடையும்: மூன்று பேர் மேலே ஏறியிருக்க, தூரத்தில் இருக்கும் நீங்கள் இரண்டு அடி பின்தங்கினால் ஃபார்வர்டுக்கு அது போதும்.

மேலே போவதற்கு ஒரு கணக்கு உண்டு. உங்களுக்கு முன்னால் ஆடுபவர் பந்தோடு எதிர் கோலைப் பார்த்துத் திரும்பி உள்ளே வெட்டும்போது வெளிப்பக்கமாக ஓடுங்கள். மிட்ஃபீல்டர் ஒருவர் உங்கள் இடத்துக்கு இறங்குகிறாரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள். ஓடும் வேகத்திலேயே தாழ்வாக, கோல்கீப்பருக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே கிராஸ் அடியுங்கள். நிறுத்தித் தூக்கி அடிப்பதற்குள் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். ராபர்ட்சன் 2018-19 பிரீமியர் லீக்கில் 11 அசிஸ்ட் (கோலுக்கு முந்தைய கடைசி பாஸ்) கொடுத்தார். பந்து பறிபோனால் விங்கரின் முதுகைத் துரத்தாதீர்கள். கிட்ட இருக்கும் போஸ்டைப் பார்த்து நேராக ஓடுங்கள். பாதை குறுகும், அவனுக்கு முன்னால் போய் நிற்கலாம்.

2018 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டியுடன் 4-3 என்று முடிந்த மேட்சில் ராபர்ட்சன் பந்தைத் துரத்திக்கொண்டு கோல்கீப்பர் எடர்சன் வரை போனதைப் பார்த்துவிட்டு, இங்கேயும் பசங்க அதே மாதிரி ஓடுகிறார்கள். அணி மொத்தமும் சேர்ந்து மேலே ஏறாவிட்டால் உங்கள் பின்னால் வெறும் மைதானம்தான். அவருக்கே அந்த ஓட்டம் சிட்டியின் டிஃபெண்டர் ஒட்டமெண்டி மேல் ஃபவுலில்தான் முடிந்தது.

ஷூவுக்கு வருவோம். காய்ந்த கெட்டித் தரைக்கு மோல்டட் ஸ்டட்ஸ் (ஷூவின் அடியோடு சேர்ந்தே வார்த்த குமிழ்கள்) போதும். ஆறு இரும்பு ஸ்டட் வைத்தது குதிகாலை வலிக்க வைக்கும், கணுக்காலையும் பிசகவைக்கும். மே மாதம் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள்; ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஓஆர்எஸ் பாக்கெட் கலந்து பக்கத்தில் இருக்கட்டும். நவம்பரில் தண்ணீர் தேங்கிய கிரவுண்டில் கோல்கீப்பருக்குத் தரையோடு பேக் பாஸ் போடவே வேண்டாம். பந்து குட்டையில் நின்றுவிடும், ஃபார்வர்ட் வந்து எடுத்துக்கொள்வான். கோட்டுக்கு வெளியே ஓங்கி உதைத்துவிட்டுத் த்ரோ-இன்னுக்கு நில்லுங்கள்.