ஆம்பரா, ஒரேஞ்சா? நிறம் தெரிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தில் டிசைன் வேலை செய்கிறவர்கள் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடைப்பட்ட நிறங்களிலிருந்து தப்பவே முடியாது. தேயிலைப் பைக்கெட் ஆகட்டும், தேர்த் திருவிழா நோட்டீஸ் ஆகட்டும், பேக்கரிப் பெயர்ப்பலகை ஆகட்டும், வாடிக்கையாளர் கேட்பது அதைத்தான். கடைசியில் பேச்சு ஆம்பரா (மஞ்சள் பக்கம் சாய்ந்த பொன்னிறம்) ஒரேஞ்சா என்பதில் வந்து நிற்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே, எதைப் போட்டால் என்ன என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சிவப்பையும் நீலத்தையும் யாரும் மாற்றிப் போடுவதில்லை. இப்படிக் கிட்டக்கிட்ட இருக்கும் நிறங்களில்தான் வேலை கெடுகிறது.

திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், 0 முதல் 255 வரையான அளவில் சொன்னால், வழக்கமாகப் பாவிக்கும் ஒரேஞ்ச் 255, 165, 0. ஆம்பர் 255, 191, 0. சிவப்பு இரண்டிலும் முழுசாக இருக்கிறது, நீலம் இரண்டிலும் இல்லை. பச்சையின் அளவு மட்டுமே மாறுகிறது. நிறச் சக்கரத்தில் இரண்டுக்கும் நடுவே வெறும் 6 பாகை.

எல்லாரும் செய்யும் முதல் தவறு, வெள்ளைத் திரையில் இரண்டு கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "எது அழகு?" என்று கேட்பது. அச்சாகும் பைக்கெட்டில் இரண்டும் சேர்ந்து வரப்போவதில்லை, வெள்ளையும் இருக்கப்போவதில்லை. கொழுந்துப் பச்சைப் பின்னணியில் அதே ஒரேஞ்சை வைத்துப் பாருங்கள், சிவப்புப் பக்கம் சாய்ந்து தெரியும். கோயில் நோட்டீஸின் அரக்குச் சிவப்பில் வைத்தால் மஞ்சள் பக்கம் நகர்ந்துவிடும். ஆம்பரோ அந்த அரக்கில் பொன் மாதிரி எழும்பி நிற்கும். பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்பு நூல் கறுப்பாகத் தெரியவில்லை என்று முறைப்பாடு வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் கண்ணை மாற்றுகிறது என்று அவர் கண்டுபிடித்து 1839இல் விரிவாக எழுதினார். ஆகவே கட்டங்களை ஒப்பிடாதீர்கள். முழு லேபிளையும் இரண்டு தடவை செய்து, ஒன்றைப் பார்த்து மூடிவிட்டு மற்றதைத் திறந்து பாருங்கள்.

தேயிலை லேபிள் செய்கிறவர்களிடம் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. தேநீர்க் கோப்பைப் படத்தை எடுத்து, ஐட்ராப்பரால் (படத்திலிருந்து நிறத்தை எடுக்கும் கருவி) ஓரிடத்தில் தொட்டு, அந்த நிறத்தையே பைக்கெட் முழுக்கப் பூசிவிடுவது. வெள்ளைப் பீங்கான் கோப்பையில் பால் விடாத சாயத்தை, அதாவது வெறும் தேநீரை, உற்றுப் பாருங்கள். விளிம்பில், ஆழம் குறைந்த இடத்தில், தெளிந்த ஆம்பர். உள்ளே போகப் போக ஒரேஞ்ச், நடுவில் செம்பு. ஒரே கோப்பையில் இத்தனை இருக்கும்போது எந்தப் புள்ளியைத் தொட்டீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாயம் ஒளி ஊடுருவும் பொருள். அதன் நடுப்புள்ளியைத் தாளில் தட்டையாகப் பூசினால் மண் நிறமாகத்தான் நிற்கும். அத்தோடு, எந்தப் பகுதித் தேயிலை என்பதையும் பார்க்க வேண்டும். நுவரெலியாச் சாயம் இளம்பொன். திம்புள்ளையில் பொன்னும் ஒரேஞ்சும் கலந்திருக்கும். கண்டித் தேயிலை செம்பு நிறம் காட்டும். நுவரெலியாத் தேயிலைக்கு அடர்ந்த ஒரேஞ்ச் போட்டால், வாங்குகிறவர் கடுமையான சாயத்தை எதிர்பார்த்துத்தான் பைக்கெட்டைப் பிரிப்பார். அங்கே ஆம்பர்தான் உண்மையைச் சொல்லும்.

அப்புறம் எழுத்து. "பளிச்சுன்னு இருக்கட்டும் அண்ணே" என்று கேட்டதற்காக ஒரேஞ்சின் மேல் வெள்ளை எழுத்தைப் போட்டுவிடுகிறோம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது இணையத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. ஒரேஞ்சில் வெள்ளைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2, ஆம்பரில் 1.65 மட்டும். கறுப்பு எழுத்துக்கோ ஒரேஞ்சில் 10.6, ஆம்பரில் 12.7. வெள்ளைதான் வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதமாக நின்றால், நிறத்தை 191, 87, 0 மாதிரிக் கருகிய ஒரேஞ்சுக்கு இறக்குங்கள், 4.5ஐத் தாண்டிவிடும். தோட்டங்களில் ஒரு நோட்டீஸ் கிடைத்தால் அதையே கறுப்பு வெள்ளையில் போட்டோகொப்பி எடுத்து லயத்துக்கு லயம் கொடுப்பார்கள். அதில் ஆம்பர், ஒரேஞ்ச் இரண்டும் ஒரே வெளிர்சாம்பலாக வரும். பூசை நேரத்தை ஆம்பர் கட்டத்திலும் அன்னதான நேரத்தை ஒரேஞ்ச் கட்டத்திலும் பிரித்துக் காட்டியிருந்தால், கொப்பியில் அந்தப் பிரிவே இருக்காது.

அச்சகத்தில்தான் இந்த இரண்டு நிறங்களும் அதிகம் அடிபடுகின்றன. நாலு நிற அச்சில் ஆம்பர் என்பது 100 வீதம் மஞ்சளோடு 25 வீதம் மஜென்டா (ஊதா கலந்த சிவப்பு மை). ஒரேஞ்ச் என்றால் மஜென்டா 35. வித்தியாசம் வெறும் 10 வீதம். பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும், புள்ளிகள் பரவும், 25 என்று அனுப்பியது 35 மாதிரி வந்து நிற்கும். ஆம்பர் கேட்டவருக்கு ஒரேஞ்ச் கிடைப்பது இப்படித்தான். இதைவிட நுணுக்கமான ஒன்று இருக்கிறது. ஆப்செட் இயந்திரத்தில் மையின் அளவைத் தாள் ஓடும் திசையிலுள்ள பட்டை பட்டையாகத்தான் கூட்டிக் குறைக்கலாம். உங்கள் ஒரேஞ்ச் கட்டம் இருக்கும் அதே பட்டையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகமும் இருந்தால், முகம் சிவந்துபோகிறது என்று இயந்திரக்காரர் மஜென்டாவைக் குறைப்பார். முகம் சரியாகிவிடும், ஒரேஞ்ச் ஆம்பராகிவிடும். அவர் மேல் குற்றமில்லை. படத்தையும் கட்டத்தையும் ஒரே பட்டையில் வராமல் தள்ளி வைக்க வேண்டியது டிசைனரின் வேலை. ஆம்பருக்கு மஜென்டாவை 15 அல்லது 20க்கு இறக்கி, ஒரேஞ்சுக்கு 50 வரை ஏற்றி, இரண்டையும் விலக்கி வைத்தால் பாதித் தொல்லை போய்விடும். மாதிரி அச்சை அதே தாளில் கேளுங்கள். பூச்சுள்ள ஆர்ட் தாளில் மாதிரி பார்த்துவிட்டு வேலையைச் சாதாரணத் தாளில் அடிப்பதில் ஒரு பயனும் இல்லை.

வட்ஸ்அப்பில் "ஓகே" வாங்கிவிட்டு அச்சுக்கு அனுப்புவதும் ஆபத்துத்தான். இரவில் போன் திரை கண்ணுக்கு இதமாக மஞ்சளடிக்கும்படி வைத்திருப்பவருக்கு எல்லா நிறமும் ஆம்பர்தான். ஒரு அச்சுப் பிரதியையாவது கையில் கொடுத்து, பகலில் ஜன்னலோரம் ஒரு தடவை, இரவில் கடை விளக்கில் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பனிமூட்டமும் மேகமும் மூடிய நாளில் வெளிச்சம் நீலம் சார்ந்து வரும், அதில் சூடான நிறங்கள் மங்கும். மஞ்சள் குமிழ் விளக்கிலோ வெள்ளைத் தாளும் மஞ்சளாகிவிடும், ஆம்பர் எழுத்து அதில் கரைந்துபோகும்.

வெளியில் தொங்கும் பேனர் என்றால் வெயிலையும் கணக்கில் எடுங்கள். மஞ்சளும் மஜென்டாவும்தான் முதலில் வெளுக்கின்றன, நீலமும் கறுப்பும் அதிக நாள் தாங்கும். ஆம்பரும் ஒரேஞ்சும் அந்த வெளுக்கும் இரண்டு மைகளில் மட்டுமே உருவானவை. ஆகவே மாதக்கணக்கில் தொங்கப்போகும் கடைப் பேனரில் இந்த நிறங்களைப் பின்னணிக்கு வைத்து, பெயரையும் தொலைபேசி எண்ணையும் கறுப்பில் அடியுங்கள்.