உரையை நிறுத்திவிட்டு ஓவியத்தைப் பாருங்கள்: இணைய வகுப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடைக்கால, மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவைப் பற்றிப் பேராசிரியர்கள் எடுக்கும் பாடங்கள் இன்று காசில்லாமல் கிடைக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் பால் ஃப்ரீட்மேன் நடத்திய தொடக்க இடைக்கால வரலாறு, கி.பி. 284 முதல் 1000 வரை, வகுப்பறையில் எடுத்தபடியே முழுப் பருவமும் இணையத்தில் இருக்கிறது. 1597 முதல் பொதுமக்களுக்கு இலவச உரை நடத்திவரும் லண்டன் கிரெஷாம் கல்லூரியின் உரைகளும் யூடியூபில் இருக்கின்றன. இவ்வளவு நல்ல சரக்கை வைத்துக்கொண்டு பாதியைக் கோட்டை விடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

பெரிய தவறு, ஓவியம் பற்றிய உரையை வானொலி மாதிரி கேட்பது. வரலாற்று உரை என்றால் சரி, பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்கலாம். ஓவிய உரைக்கு அது உதவாது. நானும் 15ஆம் நூற்றாண்டு ஓவியர் யான் வான் ஐக் ஒரு தம்பதியை வரைந்த அர்னோல்ஃபினி ஓவியத்தைப் பற்றி இப்படித்தான் காதால் மட்டும் இரண்டு உரை கேட்டிருந்தேன். மூன்றாவது முறை உரையை நிறுத்திவிட்டு, லண்டன் நேஷனல் கேலரி தளத்தில் அந்த ஓவியத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். கணவன் மனைவிக்குப் பின்னால், சுவரில் ஒரு குவிகண்ணாடி. அதில் அவர்களின் முதுகு தெரிகிறது. இன்னும் பெரிதாக்கினால், வாசலில் நிற்கும் வேறு இரண்டு பேரும் தெரிகிறார்கள். கண்ணாடியின் சட்டத்தைச் சுற்றிப் பத்துச் சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றிலும் இயேசுவின் பாடுகளில் ஒரு காட்சி. மேலே, ‘யான் வான் ஐக் இங்கே இருந்தார், 1434’ என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. கால் மணி நேரம் அதைப் பார்த்துவிட்டு உரைக்குத் திரும்பினேன். பேராசிரியர் சொன்னது ஒவ்வொன்றும் அப்போதுதான் உட்கார்ந்தது.

அடுத்த தவறும் இதே ஓவியத்தில் எனக்கு நேர்ந்ததுதான்: உரை எந்த ஆண்டு ஆய்வை நம்பியிருக்கிறது என்று பார்க்காமல் விடுவது. இது ஒரு திருமணத்துக்குச் சாட்சியாக வரையப்பட்டது என்று 1934இல் கலை வரலாற்று அறிஞர் எர்வின் பனோஃப்ஸ்கி எழுதினார். எரியும் ஒற்றை மெழுகுவத்தி கடவுளின் கண், நாய் என்றால் விசுவாசம் என்று விளக்கம் போனது. படத்தில் இருப்பவர்கள் என்று அவர் சொன்ன ஜொவான்னி தி அர்ரிகோவும் ஜொவான்னா செனாமியும் 1447இல்தான் மணம் முடித்தார்கள் என்பதற்குப் பிற்பாடு ஆவணம் கிடைத்தது. ஓவியம் முடிந்து 13 ஆண்டு கழித்து நடந்த திருமணம். வான் ஐக்கோ 1441இலேயே இறந்துவிட்டார். ஆனால் பழைய கதையை அப்படியே சொல்லும் உரைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சீரமைப்புப் பணிகளும் இப்படித்தான். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ தீட்டிய கூரை ஓவியம் 1980களில் சுத்தம் செய்யப்பட்டது. அதற்கு முந்தைய புகைப்படத்தைக் காட்டி, மைக்கேலாஞ்சலோவுக்கு மங்கல் நிறம்தான் பிடிக்கும் என்று யாராவது சொன்னால், அது மெழுகுவத்திப் புகையும் அழுக்கும் செய்த வேலை.

காலம் பழையது என்பதற்காகவே ஒரு சாட்சியை நம்பிவிடுவது இன்னொன்று. வசாரி மறுமலர்ச்சி ஓவியர்களின் வாழ்க்கையை 1550இலேயே எழுதியவர். அவரை விட்டால் பல தகவலுக்கு ஆள் இல்லை. ஆனால் பொறாமையால் கஸ்தாஞ்யோ, தன் சக ஓவியர் டொமெனிகோ வெனெட்சியானோவைக் கொன்றதாக அவர் எழுதியதைப் பாருங்கள். கஸ்தாஞ்யோ இறந்தது 1457இல், டொமெனிகோ இறந்தது 1461இல். உரையில் சுவையான சம்பவம் வந்தால், ‘இதை யார் சொன்னார்?’ என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு விடை தேடப்போய் நான் கற்றது, உரையில் கற்றதைவிட அதிகம்.

நூற்றாண்டுக் குழப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியர்கள் ‘குவாத்ரோசென்தோ’ (சொல்லுக்குப் பொருள் ‘நானூறு’) என்றால் 1400கள், அதாவது நம் கணக்கில் 15ஆம் நூற்றாண்டு. போதாததற்கு, அக்கால ஃபுளோரன்ஸில் ஆண்டு பிறப்பது மார்ச் 25 அன்று. ஆகவே அவ்வூர் ஆவணத்தில் 1427 பிப்ரவரி என்றிருந்தால் நமக்கு அது 1428.

திரை எல்லா ஓவியத்தையும் ஒரே அளவாக்கிவிடும். இதற்கு நான் கண்ட வழி, டேப்பும் சாக்பீஸும். அர்னோல்ஃபினி ஓவியத்தின் உயரம் ஏறக்குறைய 82 செ.மீ., அகலம் 60 செ.மீ. பீரோ பக்கத்துச் சுவரில் கட்டம் போட்டுப் பார்த்தேன். ஒரு சின்ன ஜன்னல், அவ்வளவுதான். லியனார்தோவின் ‘கடைசி விருந்து’ 4.6 மீட்டர் உயரம், 8.8 மீட்டர் அகலம். எங்கள் கூடத்தில் அதற்குச் சுவரே இல்லை.

நேரலை உரை என்றால் கடிகாரத்தைக் கவனியுங்கள். லண்டனில் மாலை 6 மணி என்பது கோடையில் நமக்கு இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரம் மாறும்.

அப்புறம், நேரலையில் நம் ஆங்கிலத்தை நினைத்துக் கேள்வி கேட்காமல் இருந்துவிடாதீர்கள். இத்தாலியின் பாடுவா நகரத்து ஸ்க்ரோவேன்யி சிற்றாலயத்தில் ஓவியர் ஜொத்தோ சுவரில் தீட்டிய சில காட்சிகளில் மரியாளின் நீல மேலாடை மட்டும் உதிர்ந்திருக்கிறதே, ஏன் என்று ஒருமுறை ஒரே வரியில் தட்டச்சு செய்தேன். பேச்சாளர் அதை எடுத்துப் படித்து, ஐந்து நிமிடம் பேசினார். மற்ற நிறங்களை ஈரச் சுண்ணாம்பின் மேல் தீட்டுவார்கள். காயும்போது அவை சுவரோடு சுவராக இறுகிவிடும். அந்த நீலம் ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாது, அதனால் காய்ந்த பிறகு பசை கலந்து மேலே பூசுவார்கள். எழுநூறு ஆண்டில் பசை விட்டுவிட்டது.