வைத்த எண், வந்த எண்: வென்டிலேட்டர் கற்கத் தொடங்கும் மாணவருக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ரெஸ்பிரேட்டரி தெரபி படிக்கும் மாணவர் ஐ.சி.யூ. போஸ்டிங்கில் அடிக்கடி பார்க்கப்போவது நான்கு விதமான நோயாளிகளை. பூச்சிமருந்து குடித்தவர், கட்டுவிரியன் கடித்தவர், தொப்பூர் கணவாய் மாதிரி இடத்தில் அடிபட்டுத் தலைக்காயத்தோடு வந்தவர், விறகடுப்புப் புகையிலும் பீடியிலும் நுரையீரல் கெட்டுப்போன சி.ஓ.பி.டி. நோயாளி. நான்கு பேருக்கும் மெஷின் ஒன்றுதான், அதில் வைக்கும் எண்கள்தான் வேறு.

ஸ்கிரீனைப் பார்த்ததும் எண்களின் கூட்டம் மிரட்டும். ஆனால் அவை இரண்டே வகை: நாம் வைத்தவை, நோயாளியின் நுரையீரல் திருப்பித் தந்தவை. வால்யூம் கன்ட்ரோலில் எத்தனை மில்லி காற்று போகவேண்டும் என்று நாம் வைக்கிறோம். அதற்கு எவ்வளவு அழுத்தம் ஆகிறது என்பதை நுரையீரல் சொல்கிறது. பிரஷர் கன்ட்ரோலில் அழுத்தத்தை நாம் வைக்கிறோம். எத்தனை மில்லி போனது என்பது பதிலாக வருகிறது. ஆகவே வால்யூம் கன்ட்ரோலில் அழுத்தத்தின் மீதும், பிரஷர் கன்ட்ரோலில் டைடல் வால்யூமின் (ஒரு மூச்சில் போகும் காற்றின் அளவு) மீதும் கண் இருக்கவேண்டும். நோட்டில் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் வைத்த எண், வலப்பக்கம் வந்த எண். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். இடப்பக்கம் மாறாமல் வலப்பக்கம் மாறினால், நோயாளியிடமோ டியூபிலோ (மூச்சுக்குழாயில் இறக்கிய குழாய்) சர்க்யூட்டிலோ (மெஷினையும் டியூபையும் இணைக்கும் குழாய்கள்) ஏதோ மாறியிருக்கிறது. செட்டிங்கை மாற்றும் முடிவு மருத்துவருடையது. மாற்றம் தேவை என்று முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் படுக்கையருகே நிற்கும் நீங்கள்தான்.

நோயாளி வருவதற்கு முன்

சுவரில் ஆக்சிஜன், ஏர் இரண்டு குழாய்களும் இறுக்கமாக மாட்டியிருக்கின்றனவா, அழுத்தம் 50 பி.எஸ்.ஐ. அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். டர்பைன் உள்ள மெஷினுக்கு ஏர் குழாய் வேண்டாம். மின்சாரப் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரிக்கு மாறுகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். கரண்ட் போன பிறகு இதைச் சோதித்துப் பயனில்லை. சர்க்யூட்டை மாட்டி லீக் டெஸ்ட் ஓட்டுங்கள். தோற்றால் முதலில் பார்க்கவேண்டியது வாட்டர் டிராப்பின் மூடி, ஹ்யூமிடிஃபையரின் வாய், டெம்பரேச்சர் புரோப் நுழையும் துளை. லீக் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கும். பிறகு டெஸ்ட் லங்கை (நுரையீரலுக்குப் பதிலாக மாட்டும் பை) மாட்டி ஓடவிட்டு, அதைக் கையால் அழுத்திப் பிடியுங்கள்; ஹை பிரஷர் அலாரம் அடிக்கவேண்டும். கழற்றிவிடுங்கள், டிஸ்கனெக்ட் அலாரம் அடிக்கவேண்டும்.

ஈரப்பதத்துக்கு எச்.எம்.இ. ஃபில்டர் (நோயாளி விடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்துத் திருப்பித் தருவது) அல்லது சூடாக்கும் ஹ்யூமிடிஃபையர், இரண்டில் ஒன்று மட்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஃபில்டர் நனைந்து அடைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். ஹ்யூமிடிஃபையரில் ஸ்டெரைல் டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் ஊற்றக்கூடாது. நம் பக்கத்து போர் தண்ணீர் ஃபுளோரைடும் உப்பும் நிறைந்தது. ஹீட்டர் தட்டில் படிந்துவிடும், கிருமியும் சேரும்.

கடைசியாக, அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை), மாஸ்க், ஓடும் சக்ஷன் (சளி உறிஞ்சும் கருவி). இந்த மூன்றும் தலைமாட்டில் இல்லாமல் எந்த வென்டிலேட்டரையும் தொடங்கக்கூடாது.

எடையைக் கேட்காதீர்கள், உயரத்தை அளந்து பாருங்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை இதுதான். ஒருவர் பருமனானால் நுரையீரல் பெரிதாவதில்லை. அதன் அளவு உயரத்தைப் பொறுத்தது. டைடல் வால்யூம் வைக்க, உயரத்திலிருந்து எடையைக் (கிலோவில்) கணக்கிடுவது இப்படி:

ஆணுக்கு: 50 + 0.91 × (உயரம் செ.மீ. − 152.4)
பெண்ணுக்கு: 45.5 + 0.91 × (உயரம் செ.மீ. − 152.4)

150 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கிட்ட எடை 43.3 கிலோ. கிலோவுக்கு 6 மில்லி என்றால் 260 மில்லி, 8 மில்லி என்றால் 346 மில்லி. அவருடைய உண்மை எடை 70 கிலோ. அதை வைத்து 8 மில்லி கணக்குப் போட்டால் 560 வரும். அது அவருடைய நுரையீரலுக்குக் கிலோவுக்கு கிட்டத்தட்ட 13 மில்லி. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரல் இழுபட்டுக் காயப்படும். ‘ஆளுக்கு 500’ என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பதும் இதே தவறுதான்.

படுத்திருப்பவரின் உயரத்தை அளக்கக் கட்டிலைச் சமமாக்கி, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை டேப் பிடியுங்கள். கால் மடங்கியிருந்தால் கையை நேராக நீட்டி, நெஞ்செலும்பின் மேல்குழியிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். கணக்கிட்ட எடையைக் கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர் திரும்பக் கணக்குப் போடவேண்டாம்.

தொடக்க செட்டிங்

பெரியவர்களுக்கு வழக்கமாகத் தொடங்கும் இடம் இது: டைடல் வால்யூம் கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி, ரேட் நிமிடத்துக்கு 12 முதல் 16, பீப் (மூச்சு வெளியேறிய பின்னும் நுரையீரலில் நிற்கும் அழுத்தம்) 5, எஃப்.ஐ.ஓ.2 (உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு) 100 சதவீதம், ஃபுளோ நிமிடத்துக்கு 60 லிட்டர், டிரிகர் (நோயாளி மூச்சிழுப்பதை மெஷின் உணரும் அளவு) 2 லிட்டர். (இங்கே காற்றழுத்த எண்கள் எல்லாம் செ.மீ. நீர் அளவில்.) 100 சதவீதத்திலேயே விட்டுவிடாதீர்கள். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 92 முதல் 96-க்குள் நிற்கும் அளவுக்குப் படிப்படியாக இறக்கவேண்டும். அளவுக்கு மீறிய ஆக்சிஜனும் நுரையீரலைக் கெடுக்கும்.

டியூபின் பல்லோரக் குறி பெண்ணுக்குச் சுமார் 21, ஆணுக்கு 23 செ.மீ. கஃப் (டியூபைச் சுற்றியுள்ள சிறு பலூன்) அழுத்தம் 20 முதல் 30-க்குள். பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்வது அளவாகாது. மேனோமீட்டரை வைத்துப் பாருங்கள்.

பீக், பிளாட்டோ: இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி

இதைப் புரிந்துகொண்டால் பாதி வென்டிலேட்டர் புரிந்துவிடும், அதனால் நிதானமாகப் படியுங்கள். காற்று உள்ளே போகும்போது இரண்டு வேலைக்கு அழுத்தம் செலவாகிறது. ஒன்று, டியூபையும் மூச்சுக்குழாயையும் கடக்க. இன்னொன்று, நுரையீரலை விரிக்க. பீக் பிரஷர் இரண்டின் கூட்டு. அதனுடன் பீப்பும் சேர்ந்திருக்கும். மூச்சு உள்ளே போன கடைசியில் இன்ஸ்பிரேட்டரி ஹோல்டு பட்டனை அரை விநாடி அழுத்தினால் காற்றோட்டம் நின்றுவிடும். குழாயைக் கடக்கும் செலவு போய்விடும். மிஞ்சும் அழுத்தம்தான் பிளாட்டோ. நோயாளி தானாக மூச்சிழுக்காத நேரத்தில்தான் இது நம்பத்தக்க எண்.

டைடல் வால்யூம் 400, பீப் 5 என்று வைத்துக்கொள்வோம். பீக் 38-க்கு ஏறிவிட்டது. ஹோல்டு போட்டால் பிளாட்டோ 18. இடைவெளி 20. நுரையீரல் விரிவதில் பெரிய சிக்கல் இல்லை, தடை வழியில் இருக்கிறது: டியூபில் சளி, டியூபைக் கடிப்பது, டியூப் மடிந்திருப்பது, வீசிங், நனைந்த ஃபில்டர். இப்போது அதே பீக் 38, ஆனால் பிளாட்டோ 33. இடைவெளி 5 மட்டுமே. வழியில் தடையில்லை, நுரையீரல்தான் விரிய மறுக்கிறது: நிமோனியா, நீர் கோத்தல், ஏ.ஆர்.டி.எஸ். (நுரையீரல் முழுக்க அழற்சி), டியூப் வலது பக்கம் மட்டும் இறங்கியிருப்பது, நியூமோதொராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே நெஞ்சில் காற்று சேர்வது). முதல் நோயாளிக்கு சக்ஷனும் நெபுலைசரும். இரண்டாமவரிடம் எத்தனை சக்ஷன் போட்டாலும் ஒன்றும் நடக்காது.

கம்ப்ளையன்ஸ் (நுரையீரல் எவ்வளவு எளிதில் விரிகிறது) கணக்கும் இதிலிருந்தே வரும்: பிளாட்டோவிலிருந்து பீப்பைக் கழித்து, வரும் எண்ணால் டைடல் வால்யூமை வகுக்கவேண்டும். முதல் நோயாளிக்கு 400 ÷ 13, சுமார் 31. இரண்டாமவருக்கு 400 ÷ 28, சுமார் 14. பிளாட்டோ 30-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் டைடல் வால்யூமைக் கிலோவுக்கு 6 மில்லிக்கும், தேவையானால் 4 வரைக்கும் இறக்குவார்கள்.

அலாரம் அடித்தால்

சைலன்ஸ் பட்டனுக்குப் போகும் கையை நோயாளியின் நெஞ்சுப் பக்கம் திருப்புங்கள். நெஞ்சு இரு பக்கமும் ஏறுகிறதா? நிறம்? சாச்சுரேஷன் வேகமாக இறங்கினால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். உதவிக்குக் குரல் கொடுத்து, வென்டிலேட்டரைக் கழற்றி, 100 சதவீத ஆக்சிஜனில் அம்பு பேக்கால் கொடுங்கள். பேக் லேசாக அமுங்கி, நோயாளி தெளிந்தால் கோளாறு மெஷினிலோ சர்க்யூட்டிலோ. பேக் கல்லாக இறுகினால் கோளாறு டியூபிலோ நெஞ்சிலோ. சக்ஷன் கதீட்டரை விடுங்கள். டியூபின் முனையைத் தாண்டி இறங்கவில்லையென்றால் டியூப் அடைத்திருக்கிறது அல்லது மடிந்திருக்கிறது. நன்றாக இறங்கியும் ஒரு பக்கம் மூச்சொலி இல்லை, பி.பி. இறங்குகிறது என்றால் டென்ஷன் நியூமோதொராக்ஸை நினைத்து மருத்துவரை ஓடிவரச் சொல்லுங்கள்.

கதீட்டர் அளவுக்கு எளிய கணக்கு: டியூப் எண்ணிலிருந்து 2-ஐக் கழித்து இரண்டால் பெருக்குங்கள். 8 எண் டியூபுக்கு 12 ஃபிரெஞ்ச் (கதீட்டரின் பருமன் அளவு). சக்ஷனுக்கு முன் 100 சதவீத ஆக்சிஜன், ஒரு முறைக்கு 15 விநாடிக்கு மேல் வேண்டாம்.

அலாரமே அடிக்காத கோளாறு ஒன்றும் உண்டு. வைத்த ரேட் 14, வந்த ரேட் 32, ஆனால் நோயாளி அசையாமல் படுத்திருக்கிறார். சர்க்யூட்டைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே தண்ணீர் சலசலக்கும். அந்த அசைவை மெஷின் மூச்சு என்று எண்ணித் தானாக டிரிகர் ஆகிறது. தண்ணீரை நோயாளி பக்கம் சாய்க்காமல் வாட்டர் டிராப்பில் இறக்கிக் கொட்டுங்கள். சர்க்யூட் எப்போதும் நோயாளியின் வாயைவிடத் தாழ்வாகத் தொங்கட்டும்.

நான்கு நோயாளிகள்

கட்டுவிரியன் கடித்தவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருக்கும்போது கடி. கடித்த தடம்கூடத் தெரியாது. விஷம் நரம்பும் தசையும் சேரும் இடத்தைச் செயலிழக்க வைக்கிறது. நுரையீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் கிலோவுக்கு 8 மில்லி, பீப் 5, எஃப்.ஐ.ஓ.2 சீக்கிரமே 30, 40-க்கு இறக்கலாம். கண் திறக்காது, கை அசையாது, கண்மணி விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல்கூட இருக்கலாம். ஆனால் அவருக்கு முழு நினைவு இருக்கக்கூடும். நீங்கள் பேசுவது அத்தனையும் கேட்கும். சக்ஷன் போடுமுன் ‘அண்ணா, சளி எடுக்கப்போறேன், இருமல் வரும்’ என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். பிழைப்பாரா என்ற பேச்சை அவர் கட்டிலருகே பேசவே கூடாது.

பூச்சிமருந்து குடித்தவருக்கு சளியும் எச்சிலும் கொட்டும். சக்ஷன் அடிக்கடி தேவைப்படும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், மருந்து தோல் வழியாகவும் ஏறும். ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிமருந்தில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: சளி வற்றி, நினைவு தெளிந்து, டியூப் எடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் 1 முதல் 4 நாளுக்குள் கழுத்து, மூச்சுத் தசைகள் மறுபடி தளரலாம். தலையணையிலிருந்து தலையை 5 விநாடி தூக்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், டியூப் இருக்கட்டும்.

தலைக்காயத்தோடு வந்தவருக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூளை அழுத்தம் ஏறும். 35 முதல் 40 மி.மீ. பாதரசத்தில் வைக்கப் பார்ப்பார்கள். தலைமாடு 30 டிகிரி. டியூப் கட்டும் நாடாவைக் கழுத்தில் இறுக்காதீர்கள், தலையிலிருந்து ரத்தம் இறங்குவது தடைபடும்.

சி.ஓ.பி.டி. நோயாளிக்கு மூச்சு வெளியே போக நேரம் வேண்டும். ரேட் 20 என்றால் ஒரு சுற்றுக்கு 3 விநாடி. உள்ளே 1 போனால் வெளியேற 2 தான். ரேட் 10 என்றால் 6 விநாடி, வெளியேற 5 கிடைக்கும். ஃபுளோ கிராஃப் பூஜ்யத்துக்குத் திரும்பும் முன்பே அடுத்த மூச்சு தொடங்கினால் காற்று உள்ளே தேங்குகிறது. பி.பி. சட்டென்று விழுந்தால் மருத்துவரை அழைத்து, சில விநாடி சர்க்யூட்டைக் கழற்றிக் காற்றை வெளியே விட்டுப் பாருங்கள். சாச்சுரேஷன் இவர்களுக்கு 88 முதல் 92 போதும்.

ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) வந்ததும்

கார்பன் டை ஆக்சைடு ரேட்டிலும் டைடல் வால்யூமிலும் அடங்கும், ஆக்சிஜன் எஃப்.ஐ.ஓ.2-விலும் பீப்பிலும். தேவையான ரேட்டுக்குக் கணக்கு: இப்போதைய ரேட் × இப்போதைய கார்பன் டை ஆக்சைடு ÷ வேண்டிய கார்பன் டை ஆக்சைடு. ரேட் 14, கார்பன் டை ஆக்சைடு 60, வேண்டியது 40 என்றால், 14 × 60 ÷ 40 = 21. சி.ஓ.பி.டி.யில் இதை அப்படியே போடக்கூடாது, ஏன் என்பது மேலேயே இருக்கிறது.

வெளியூருக்குக் கொண்டுபோனால்

கிருஷ்ணகிரியிலிருந்து சேலத்துக்கு வென்டிலேட்டரோடு மாற்றும் நாள் வரும். 100 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். நிறைந்த பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் செலவென்றால் 150 நிமிடம். கேஜ் பாதி காட்டினால் 75 நிமிடம்தான், வழியிலேயே தீர்ந்துவிடும். கணக்கில் வரும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு கையில் வேண்டும், அதாவது நிறைந்த சிலிண்டர் இரண்டு, திறக்கும் சாவி இரண்டிலும் கட்டியபடி. கிளம்பும் முன் டிரான்ஸ்போர்ட் வென்டிலேட்டரில் நோயாளியைப் பத்து நிமிடம் வார்டிலேயே ஓடவிட்டு, வந்த எண்களைப் பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். ஆம்புலன்ஸில் ஏற்றியதும் பல்லோரக் குறியைப் படியுங்கள்; தொப்பூர் இறக்கத்தில் வண்டி குலுங்கி முடிந்ததும் மறுபடி படியுங்கள்; சேலத்தில் இறக்கியதும் இன்னொரு முறை.