நாவல் மாதத்தில் எழுதியதைத் தொலைக்காமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே மாதத்தில் நாவல் எழுதும் சவாலில் இறங்குகிறவர்கள் கதையைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்திருப்பார்கள். எழுதியதை எப்படிக் கணக்கு வைப்பது, எங்கே பத்திரப்படுத்துவது என்ற இரண்டை மட்டும் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவார்கள். கதை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நாவல் நின்றுபோவதற்கு இந்த இரண்டும் போதும். இரண்டையும் சேர்த்துச் செய்ய இரவில் ஐந்து நிமிடம்தான் ஆகும்.

இந்தச் சவால் 1999 ஜூலையில் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவரும் அவருடைய நண்பர்களுமாக 21 பேரோடு தொடங்கியது. மறுவருடம் நவம்பருக்கு மாறியது. 30 நாளில் 50,000 சொல், அதாவது நாளுக்கு 1,667 என்ற கணக்கு அங்கிருந்துதான் உலகமெல்லாம் பரவியது. நானோரைமோ என்ற பெயரில் இதை நடத்திவந்த அமைப்பு 2025 மார்ச் இறுதியில் மூடப்போவதாக அறிவித்தது. சவால் நிற்கவில்லை, நண்பர் குழுக்களாகவும் தனியாகவும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பல வருடக் கணக்கை அந்தத் தளத்தில் மட்டுமே வைத்திருந்தவர்கள் வேறு இடம் தேடவேண்டி வந்தது. கணக்கு நம் கையில் ஒரு நோட்டிலாவது இருக்கவேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

50,000 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது

தமிழில் எழுதுகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். அந்த எண் ஆங்கிலத்துக்காக வைத்தது. கணினி இடைவெளியைப் பார்த்துத்தான் சொல்லை எண்ணுகிறது. ‘வீட்டிலிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று எழுதினால் அதற்கு ஒன்று. வேற்றுமை உருபு, பன்மை, ‘எல்லாம்’, ‘உம்’ அத்தனையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும் மொழியில் 50,000 சொல் என்பது ஆங்கிலத்தின் 50,000ஐவிடக் கணிசமாகப் பெரிய நாவல். அதே வேகத்தில் எழுத முடியவில்லையே என்று முதல் வாரத்திலேயே மனம் உடைந்து நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அவர்கள் மெதுவாக எழுதவில்லை. அளவுகோல்தான் அவர்களுடையது இல்லை.

அக்டோபரில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை சொல் வருகிறது, தினமும் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று பெருக்கிப் பார்த்தால் உங்கள் இலக்கு தெரிந்துவிடும். வேலைக்குப் போய்க்கொண்டு தமிழில் எழுதுகிறவருக்கு 30,000 என்பது மரியாதையான இலக்கு என்பது என் கருத்து. 50,000 எட்ட முடிந்தால் சந்தோஷம்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம். ‘வந்துகொண்டிருந்தான்’ என்று சேர்த்து எழுதினால் ஒன்று. ‘வந்து கொண்டிருந்தான்’ என்று பிரித்தால் இரண்டு. மாதக் கடைசியில் எண்ணிக்கை குறையும்போது கை தானாகவே பிரிக்க ஆரம்பிக்கும். திருத்தும்போது அத்தனையையும் திரும்பச் சேர்க்கவேண்டி வரும். எந்த வழக்கமோ, முதல் நாளே முடிவுசெய்து கடைசிவரை அதிலேயே இருங்கள்.

எல்லா நாளும் ஒரே மாதிரி என்று கணக்குப் போடுவது

நவம்பரில் 30 நாள் இருக்கிறது, எழுத 30 நாள் கிடைக்காது. சில வருடங்களில் தீபாவளி இந்த மாதத்தில்தான் வரும். முகூர்த்த நாள் வரும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் மாதம் வேறு. கரண்ட் போகும், இன்டர்நெட் போகும். ஆகவே 25 நாளுக்கே கணக்குப் போடுங்கள். 50,000 என்றால் நாளுக்கு 2,000, 30,000 என்றால் 1,200. மீதி ஐந்து நாள் கையிருப்பு.

பின்தங்கியவர்கள் போடும் கணக்கில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. பத்தாம் நாள் முடிவில் 16,670 இருக்கவேண்டும், 9,000தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 7,670ஐ முடித்துவிடுகிறேன்’ என்று நினைத்தால் அந்த ஞாயிறே கடைசி நாளாகிவிடும். மீதி 41,000ஐ மீதி 20 நாளால் வகுத்தால் 2,050. நாளுக்கு 383 சொல்தான் கூடுதல், அரை மணி நேர வேலை. விட்டுப்போன நாட்களைக் கடனாகச் சுமக்காமல், தினமும் மீதியை மீதியால் வகுத்துக்கொண்டே போனால் எந்த நாளும் மலைப்பாகத் தெரியாது.

கணக்கு எழுதாமல் ‘தோராயமாக’ நினைவில் வைப்பது

அமெரிக்க எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே கியூபாவில் இருந்த காலத்தில், ஓர் அட்டைப்பெட்டியின் பக்கத்தில் கட்டம் போட்டுத் தினமும் எழுதிய சொற்களைக் குறித்துவைத்தார். 1958இல் வெளியான ஒரு பேட்டியில் அந்த எண்கள் இருக்கின்றன: 450, 575, 462, 1,250, மறுபடி 512. தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த அட்டை. அந்த 1,250ஐக் கவனியுங்கள். மறுநாள் மனசு உறுத்தாமல் கடலில் மீன்பிடிக்கப் போவதற்காக முந்தின நாளே கூடுதலாக எழுதிய கணக்கு அது. 450 சொல் எழுதிய நாளையும் ஒளிக்காமல் குறித்திருக்கிறார் என்பது எனக்கு இன்னும் பிடிக்கும்.

கணக்கில் நான்கே விஷயம் போதும்: தேதி, மொத்தச் சொல், இன்றைக்குக் கூடியது, நாளைக்கு என்ன எழுதப்போகிறோம். பார்க்க இப்படி இருக்கும்:

நவ. 9 – மொத்தம் 14,210 – இன்று 1,130 – நாளை: சித்தப்பா அடகுக்கடை ரசீதைப் பார்த்துவிடுகிறார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் உட்கார்ந்ததும் கையை ஓடவைப்பது கடைசியில் உள்ள அந்த வரிதான். பலர் எண்ணை மட்டும் எழுதி இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் தினமும் முதல் அரை மணி நேரம், நேற்று எழுதியதைப் படிப்பதிலும் திருத்துவதிலும் போய்விடுகிறது. யார் எந்த ஊர், யாருக்கு எத்தனை வயது, அத்தை எந்தப் பக்கத்து உறவு என்பதையும் அதே நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டால் இருபதாம் நாள் தேடவேண்டியதில்லை.

‘இன்று எழுதியது’ என்ற எண்ணை யோசித்துப் போடாதீர்கள். மொத்தத்திலிருந்து நேற்றைய மொத்தத்தைக் கழித்துப் போடுங்கள். ஒரு காட்சியை வெட்டினால் எண் குறையுமே என்று பயப்படவும் வேண்டாம். ‘வெட்டியவை’ என்று இன்னொரு கோப்பு வைத்து, எடுத்ததையெல்லாம் அதில் ஒட்டிவிடுங்கள். அதுவும் இந்த மாதம் நீங்கள் எழுதியதுதான், தாராளமாக எண்ணிக்கொள்ளலாம். இந்த மாதத்தில் எதையும் அழிக்கவேண்டாம். பதினைந்தாம் நாள் தூக்கிப்போட்ட காட்சி இருபத்தைந்தாம் நாள் தேவைப்படும்.

பிரதியையும் மூலத்தையும் ஒரே இடத்தில் வைப்பது

அதே ஹெமிங்வேயின் இன்னொரு கதை, இதற்குப் பல வருடங்களுக்கு முந்தையது. 1922 டிசம்பரில் அவர் சுவிட்சர்லாந்தின் லோசானில் செய்தியாளராக இருந்தார். பாரிஸிலிருந்து அவரைப் பார்க்கக் கிளம்பிய மனைவி ஹேட்லி, அவர் எழுதிவைத்திருந்தவற்றை ஒரு பையில் எடுத்துவைத்தார். கையெழுத்துப் பிரதி, டைப் செய்த பிரதி, கார்பன் பிரதி எல்லாமே அதில்தான் இருந்தன. பாரிஸின் கார் து லியோன் ரயில் நிலையத்தில் அந்தப் பை திருடுபோனது. பை கிடைக்கவே இல்லை. அதுவரை எழுதியதில் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டது. தப்பியவற்றில் ஒரு கதை, பத்திரிகைக்கு அனுப்பியிருந்ததால் வேறு இடத்தில் இருந்தது.

கார்பன் பிரதி எடுக்கும் அளவுக்குக் கவனமாக இருந்த எழுத்தாளர் அவர். பிரதி இல்லாததால் போகவில்லை. எல்லாப் பிரதியும் ஒரே பையில் இருந்ததால்தான் போனது. லேப்டாப் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் பென் டிரைவ் வைத்திருப்பவர்கள் அதே தவறைத்தான் செய்கிறார்கள். பை போனால் இரண்டும் போகும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது தரைத்தள வீடுகளில் கணினியும் பீரோவும் அதே தண்ணீரில்தான் நின்றன.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில் என்று கணினித் துறையில் ஒரு விதி உண்டு. நாவலுக்கு இதைச் செய்வது மிகச் சுலபம். 50,000 தமிழ்ச் சொற்களை வெறும் எழுத்தாகச் சேமித்தால் இரண்டு எம்பிக்குள் அடங்கிவிடும். கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, உங்களுக்கே மின்னஞ்சலில் இணைப்பாக ஒன்று. வாரம் ஒருமுறை வெளியூரில் இருக்கும் தங்கைக்கோ நண்பருக்கோ அனுப்பி, ‘படிக்கவேண்டாம், அழிக்காமல் வைத்திரு’ என்று சொல்லிவிடுங்கள்.

தானாகச் சேமிப்பதை முழுதாக நம்புவது

வேர்டில் தானியங்கி மீட்பு என்று ஒன்று இருக்கிறது. அமைப்பை மாற்றாமல் விட்டால் அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் வேலை செய்யும். கணினி திடீரென்று அணைந்தால் கைகொடுக்க வந்த வசதி அது. ‘சேமிக்கவேண்டாம்’ என்று தவறிப்போய் நீங்களே அழுத்தினால் எல்லா நேரமும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. பத்தி முடிந்ததும் கன்ட்ரோல்-எஸ் அழுத்துவது கைப்பழக்கமாகவேண்டும்.

கூகுள் டிரைவ் மாதிரி இணையச் சேமிப்பு நல்லதுதான், நானும் சிபாரிசு செய்வேன். ஆனால் அது கணினியில் நடப்பதை அப்படியே மேலே பிரதிபலிக்கிறது. இங்கே மூன்று அத்தியாயத்தை அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் போட்டது 30 நாளில் நிரந்தரமாகப் போய்விடும். பழைய பதிப்புகளைப் பார்க்கும் வசதி எங்கே இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே திறந்து பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் தேடினால் கண்ணில் படாது. போனிலும் லேப்டாப்பிலும் மாறி மாறி எழுதுகிறவர்கள், இணையம் இல்லாத நேரத்தில் இரண்டிலும் ஒரே அத்தியாயத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. இரண்டு பதிப்பாகப் பிரிந்துவிட்டால் ஒன்றுசேர்க்க ஒரு நாள் போய்விடும்.

பேஸ்புக் பெட்டியிலோ தொடர்கதைத் தளத்தின் எழுதும் பக்கத்திலோ நேராக எழுதாதீர்கள். உங்கள் கோப்பில் எழுதி, அங்கே ஒட்டுங்கள்.

‘நாவல் கடைசி’, ‘நாவல் கடைசி புதுசு’

கோப்புக்கு இப்படிப் பெயர் வைத்தால் பத்தே நாளில் எது புதியது என்று உங்களுக்கே தெரியாது. தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் பெயரின் முன்னால் போடுங்கள்: 2026-11-07. கோப்புகள் தாமாகவே வரிசையாக நிற்கும். தினமும் புதுத் தேதியில் ஒரு நகல் எடுத்து அதில் தொடருங்கள். 30 நகலும் சேர்ந்தால்கூட ஒரு சின்ன வீடியோ அளவுதான் வரும். பழையதைத் தொடவே தொடாதீர்கள்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பழகியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் நாவல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். மின்னஞ்சலில் ஒட்டினால் அதே கதை. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் சில பக்கங்களை ஓடவிட்டுப் பாருங்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறியிருக்கலாம்.

கையால் எழுதுகிறவர்கள் பிரதியே எடுக்காமல் இருப்பதும் இதே வகைதான். பக்க எண்ணையும் தேதியையும் மூலையில் போட்டு, அன்றன்றைக்குப் போனில் படம் எடுத்துவிடுங்கள். கணக்குக்கு, உங்கள் கையெழுத்தில் பத்து வரியை ஒருமுறை எண்ணிச் சராசரி எடுத்தால் போதும். வரிக்கு 6 சொல், பக்கத்துக்கு 24 வரி என்றால் ஒரு பக்கம் 144.

பிரதியைத் திறந்தே பார்க்காமல் விடுவது

பென் டிரைவில் கோப்பின் பெயர் தெரிந்தால் கோப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வேறொரு கணினியிலோ போனிலோ அதைத் திறந்து, கடைசிப் பத்தி நீங்கள் கடைசியாக எழுதிய பத்திதானா என்று பாருங்கள்.

திருட்டுக்குப் பயந்து யாருக்கும் அனுப்பாமல் ஒரே கணினியில் பூட்டிவைப்பவர்களும் உண்டு. இந்தியாவில் படைப்பை எழுதிய கணமே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. என்றாவது தகராறு வந்தால் நாள்வாரியாகத் தேதி போட்ட 30 நகலும், உங்களுக்கே அனுப்பிய மின்னஞ்சல்களும் உங்கள் பக்கம் பேசும். யார் என்றே தெரியாத ‘சொல் எண்ணும்’ தளங்களில் முழு நாவலையும் ஒட்டுவதைத்தான் தவிர்க்கவேண்டும். சொல் எண்ணிக்கை உங்கள் எழுதும் செயலியிலேயே இருக்கிறது.

கடைசியாக, கடவுச்சொல். எல்லாப் பிரதியையும் ஒழுங்காக மேலே ஏற்றிவைத்திருப்பார்கள், கணக்கில் நுழைய ஓடிபி போனுக்கு வரும், அந்தப் போன்தான் தொலைந்திருக்கும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்களுக்கு கூகுள் பத்து மாற்று எண்களைத் தருகிறது, ஒவ்வொன்றையும் ஒருமுறை பயன்படுத்தலாம். அக்டோபர் 31க்குள் அவற்றை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் கோப்புக்குள் வைத்துவிடுங்கள்.