இணையத் தொலைபேசியில் குரல் தாமதமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

டொராண்டோவில் எங்கள் வீட்டுத் தொலைபேசி, அதை இணையத்தோடு இணைக்கும் அடாப்டர் என்ற சிறு பெட்டி வழியாக ஓடுகிறது. இரவு ஒன்பது மணிக்குத் திருச்சியில் இருக்கும் அம்மாவை அழைப்பேன். "காபி குடிச்சியாம்மா?" என்றால் பதில் வராது. "கேக்குதா?" என்று நான் கேட்கும்போது அவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் சட்டென்று நிறுத்துவோம். ஒரு நாள், "ஒனக்கு வேலை இருந்தா வச்சிடுப்பா" என்றார். அன்றைக்குத்தான் இதைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் செய்த தவறு, பெரிய இணையத் திட்டத்துக்கு மாறியது. பணம் போனது, தாமதம் போகவில்லை. குரலைத் தரவாக மாற்றும் வழக்கமான முறையான ஜி.711இல், குரல் 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலமாக (பாக்கெட்) இணையத்தில் போகும். எல்லாம் சேர்த்து நொடிக்கு 90 கிலோபிட்கூடத் தேவையில்லை. ஒரு திசையில் 150 மில்லி விநாடிக்குள் குரல் சேர்ந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். டொராண்டோவிலிருந்து திருச்சி 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி அந்தத் தூரத்தைக் கடக்கவே 65 மில்லி விநாடி ஆகும். கேபிள் சுற்றிப் போவதால் இன்னும் கூடும். அதில் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த 150இல் மிச்சமிருப்பதை வீட்டுக்குள் வீணாக்காமல் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் அதை வீணாக்கியது மகனின் செல்போன். இரவானால் அது வீடியோக்களை மேகச் சேமிப்புக்கு ஏற்ற ஆரம்பிக்கும். மோடம் அவற்றை வரிசையில் அடுக்கி வைக்கும். என் குரலும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். 256 கிலோபைட் வரிசை, நொடிக்கு 2 மெகாபிட் அப்லோட் வேகத்தில் வெளியேற ஒரு நொடி ஆகும். யாரும் இணையத்தைத் தொடாத நேரத்தில் பிங் (ஒரு பொட்டலம் போய்வரும் நேரம்) பார்த்துவிட்டு, "எல்லாம் நன்றாக இருக்கிறதே" என்று முடிவுக்கு வராதீர்கள். ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டே பாருங்கள். எண் பல மடங்கு எகிறினால் காரணம் இதுதான்.

ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தேன், அப்போதும் சரியாகவில்லை. அதில் அப்லோட் வேக வரம்பைக் காலியாக விட்டிருந்தேன். வரம்பு இல்லாவிட்டால் வரிசை மோடத்தில்தான் சேரும். ரவுட்டரின் முன்னுரிமை அங்கே எடுபடாது. உண்மையில் கிடைக்கும் அப்லோட் வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாகப் போட்டதும், அன்றிரவே அம்மாவின் பதில் உடனுக்குடன் வந்தது.

அடுத்து, ஜிட்டர் பஃபர். பொட்டலங்கள் முன்னும் பின்னுமாக வருவதைச் சமன் செய்ய அடாப்டர் அவற்றைக் கொஞ்சம் தேக்கி வைத்து ஒலிக்கும். குரல் விட்டுவிட்டுக் கேட்டால் இதை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு மறந்துவிடுகிறோம். வெட்டு குறையும், தாமதம் நிரந்தரமாகிவிடும். தேவைக்கேற்பக் கூடவும் குறையவும் விடும் அமைப்பே நல்லது. ஏற மட்டும் விட்டால், ஒரு கெட்ட நொடிக்காக அந்த அழைப்பு முழுவதும் தாமதிக்கும்.

குரலை இன்னும் சுருக்கி அனுப்பும் ஜி.729 முறைக்கு மாறினால் வேகமாகப் போகும் என்று நினைப்பதும் தவறு. அலைவரிசை மிச்சமாகும், ஆனால் சுருக்குவதற்கே கூடுதலாகச் சில மில்லி விநாடிகள் பிடிக்கும். அடாப்டரை வைஃபை எக்ஸ்டெண்டரில் மாட்டாதீர்கள்; கேபிள் போட்டுவிடுங்கள். ரவுட்டரில் உள்ள எஸ்ஐபி ஏஎல்ஜியை (இணைய அழைப்புத் தகவல்களை இடையில் திருத்தும் வசதி) அணைப்பது நல்லதுதான், ஆனால் அது ஒருபக்கக் குரலுக்கும் அறுந்துபோகும் அழைப்புக்கும் மருந்து. தாமதத்துக்கு அதைத் தேடி நேரத்தை விடவேண்டாம்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது பலித்தது என்றே தெரியாமல் போகும். சிஸ்கோ எஸ்பிஏ112 போன்ற அடாப்டர்கள், அழைப்பு நடக்கும்போதே போய்வரும் நேரத்தையும் இழந்த பொட்டலங்களையும் தகவல் பக்கத்தில் காட்டும். ஒன்றை மாற்றுங்கள், அம்மாவை அழையுங்கள், அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்ததைத் தொடுங்கள்.