வயற்காவல் துவக்குக்குத் துளையும் தோட்டாவும் தெரிவுசெய்தல்

காட்டோரத்தில் கச்சானோ சோளமோ போட்டவர்களுக்கும், காலபோக நெல் குடலைப் பருவத்தில் நிற்கையில் இரவிரவாகப் பரணில் விழித்திருப்பவர்களுக்கும் காட்டுப்பன்றியின் வேலையை எவரும் விளக்கத் தேவையில்லை. உரிமம் கைக்கு வந்த பின்னர் எந்தத் துளையுள்ள துவக்கை வாங்குவது, அதற்கு எந்தத் தோட்டாவைப் போடுவது என்பதில்தான் வன்னியில் ஒட்டுசுட்டான் முதல் துணுக்காய் வரை ஆளுக்கொரு கதை சொல்லப்படுகிறது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் கச்சேரி வழியாகப் பயிர்க்காவலுக்குக் கிடைப்பது, ஒரு தோட்டாவிலிருந்து பல சிறு குண்டுகளை (சன்னங்களை) வீசும் சன்னத் துவக்குத்தான். அதன் உரிமத்தையும் ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும்.

வாங்குவதற்கு முன்னர் பரணில் ஏறி நின்று, பன்றி வழமையாக வரம்பு தாண்டும் இடம் எத்தனை மீற்றர் தொலைவில் உள்ளது, அதற்கு அப்பால் இருப்பது காடா, குளக்கட்டா, அயலவரின் வீடா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வன்னியின் வயல்வெளி சமதரையாக இருப்பதால், குறி தப்பிய சன்னத்தைத் தடுக்க மேடு பள்ளம் எதுவும் இருப்பதில்லை. தெரிவு முழுவதும் இந்த இரண்டு விடைகளிலேயே தங்கியிருக்கிறது.

‘போர்’ எனப்படும் துளை இலக்கம் குறையக் குறையக் குழாய் பெரிதாகும். 12 போர் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர், 16 போர் 16.8, 20 போர் 15.6. ஒரே அளவுச் சன்னம் ஒரே வேகத்தில் எந்தக் குழாயிலிருந்து வந்தாலும் ஒரே ஆழந்தான் பாயும். 12 போரில் சன்னங்களின் எண்ணிக்கை கூடுகிறதே தவிர, தனிச் சன்னத்தின் வலு கூடுவதில்லை. ஆகவே தோள் உதைப்பைத் தாங்க முடியாத முதியவரோ, மெலிந்த உடல்வாகுள்ள பெண்ணோ 20 போரை எடுப்பதில் குறையொன்றுமில்லை. ஆயினும் தோட்டா எளிதில் கிடைப்பது 12 போருக்கே என்பதால், இயன்றவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். அங்குலத்தில் அளவு சொல்லப்படும் மிகச் சிறிய குழாயான .410 பன்றிக்குப் போதாது. வீட்டில் இரண்டு அளவுத் துவக்குகள் இருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் போடவே கூடாது: 20 போர் தோட்டா 12 போர் குழாய்க்குள் வழுக்கிச் சென்று சிக்கிக்கொள்ளும்; அதை அறியாமல் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழாய் வெடித்துவிடும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வைத்திருப்பது இந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான்.

தந்தை வழியில் வந்த பழைய துவக்காயின் அறையின், அதாவது குழாயின் அடியில் தோட்டா அமரும் பகுதியின், நீளத்தையும் பார்க்க வேண்டும். பழைய ஆங்கிலேயத் துவக்குகள் பலவற்றின் அறை 65 மில்லிமீற்றர். இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70. தோட்டாவில் அச்சிடப்பட்டுள்ள நீளம் சுட்ட பின் வாய் விரிந்த நிலையில் அளக்கப்பட்டது என்பதால், சுடாத 70 மில்லிமீற்றர் தோட்டா சிறிய அறைக்குள்ளும் தடையின்றிப் போய்விடும். உள்ளே போவதைப் பொருத்தத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்பவர் தன் முகத்துக்கு முன்னால் அளவுமீறிய அழுத்தத்தை உண்டாக்குகிறார். அறையின் நீளம் குழாயின் அடிப்பாகத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். தெளிவில்லையெனில் துவக்குத் திருத்துபவரிடம் அளப்பித்துக்கொள்ளுங்கள்.

இனிச் சன்னம். அதன் அளவைக் குறிக்கும் இலக்கங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் பெட்டியில் உள்ள மில்லிமீற்றர் அளவையே நம்புங்கள். பன்றிக்கு ஏற்றது எஸ்ஜி (SG) எனப்படும் பெரிய சன்னம்: விட்டம் சுமார் 8.4 மில்லிமீற்றர், 32 கிராம் தோட்டாவில் ஒன்பது சன்னங்கள். நாலாம் இலக்கம் போன்ற சிறு சன்னம் பன்றியின் தோலையும் கொழுப்பையும் தாண்டி உயிர்நிலையை எட்டுவதில்லை. காயப்பட்ட பன்றி காட்டுக்குள் பாயும், அதைத் தேடி நாமும் போக நேரிடும். மிதிவெடிப் பலகை நட்ட பகுதிகள் இன்னும் உள்ள மண்ணில் இரத்தத் தடத்தைப் பின்தொடர்வது பன்றியை விடப் பெரிய ஆபத்து.

எனினும் எஸ்ஜியை எங்கும் போடலாம் என்பதில்லை. வாய் ஒடுக்கம் இல்லாத, அதாவது முனை குறுக்கப்படாத, குழாயில் சன்னக் கூட்டம் ஒவ்வொரு மீற்றருக்கும் ஏறத்தாழ 2.5 முதல் 3 சென்ரிமீற்றர் வரை விரியும். 30 மீற்றரில் அந்த ஒன்பதும் முக்கால் மீற்றருக்கு மேல் பரந்துவிடும். ஆகவே 25 மீற்றருக்கு அப்பால் சுடாதீர்கள். உயர்த்திச் சுட்ட எஸ்ஜி சன்னம் 600 மீற்றருக்கு அப்பாலும் போய் விழக்கூடியது. சிறு சன்னமோ 250 மீற்றரளவில் ஓய்ந்துவிடும். பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது நிலமே தடுப்பாகிவிடுகிறது. வரம்பில் நின்றபடி நேராகச் சுடுவதாயின் பின்னால் வீடோ தெருவோ இருக்கும் திசையில் எந்தத் தோட்டாவும் தகாது. ஒற்றைக் குண்டுத் தோட்டாவை இந்தச் சமவெளியில் நான் விரும்புவதேயில்லை.

இருட்டில் ரோச் வெளிச்சத்தில் கண் பளிச்சென்று மின்னினால் விசையில் விரலை வைக்காதீர்கள். மாடு, மான், நாய் ஆகியவற்றின் கண்ணில் ஒளியைத் திருப்பும் படலம் உண்டு. பன்றிக்கு அது இல்லாததால் அதன் கண் மங்கலாகவே தெரியும். அயலவரின் கட்டாக்காலி மாட்டைச் சுட்டுவிட்டு இணக்க சபையில் நிற்பதை இந்த ஒரு குறிப்பு தடுக்கும். மங்கலாகத் தெரிகிறது என்பதற்காகவும் சுட்டுவிடலாகாது. உடல் முழுவதும் தெரிந்தாக வேண்டும்.

யானைக்கு எந்தத் துளையும் எந்தச் சன்னமும் தீர்வன்று. சட்டம் அதைக் காக்கிறது என்பது ஒருபுறமிருக்க, எஸ்ஜி பட்ட யானை விழுவதில்லை. புண்ணோடும் மூர்க்கத்தோடும் மறுநாளும் அதே ஊருக்குள் வரும். அதற்கு யானைவெடியும் மின்வேலியுமே உரியவை. விலங்கு தட்டினால் தானே வெடிக்கும்படி கட்டிவைக்கும் கட்டுத்துவக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது சட்டவிரோதமானது, விறகுக்குப் போனவரின் காலைப் பன்றியின் காலிலிருந்து பிரித்தறியாதது.

ஐப்பசி, கார்த்திகை மாரியில் தோட்டாக்களை மூடியுள்ள தகரப்பெட்டியில், துவக்கிலிருந்து வேறாகப் பூட்டி வையுங்கள். பித்தளை அடியில் பச்சைக் களிம்பு படிந்திருந்தாலோ, தாள் உறை ஊதியிருந்தாலோ அந்தத் தோட்டாவைப் பயன்படுத்தாமல் பொலிஸ் நிலையத்தில் அறிவித்து ஒப்படைத்துவிடுங்கள்.